பண இறைமையின் இயல்பும் எல்லையும்

ஒரு நாட்டில் எது பணம், அதன் அலகு யாது, அவ்வலகின் உட்பகுப்புகள் எவை, அதை வெளியிடும் உரிமை யாருக்கு உரியது, எவ்வளவு கடனுக்கு அது தீர்வாகும், எந்நாளோடு அது செல்லாததாகும் என்னும் வினாக்களுக்கெல்லாம் தன் சட்டத்தால் விடை வகுக்க அந்நாட்டரசுக்கு உள்ள உரிமையே பண இறைமை எனப்படும். வரி தண்டும் உரிமை, படை வைக்கும் உரிமை, வழக்குத் தீர்க்கும் உரிமை ஆகியவற்றோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்க இவ்வுரிமை, இறையாண்மையின் உறுப்புகளுள் ஒன்றாக நெடுங்காலமாகவே மதிக்கப்பட்டு வந்துள்ளது. தி ஏக் நகரில் இயங்கிய நிலையான பன்னாட்டு நீதிமன்றம் 1929ஆம் ஆண்டு செர்பியக் கடன் வழக்கைத் தீர்த்தபோது, ஒவ்வோர் அரசும் தன் பணத்தைத் தானே ஒழுங்கு செய்யும் உரிமையுடையது என்பதை யாவரும் ஏற்றுக்கொண்ட நெறியாகவே எடுத்துரைத்தது.

அளவையியல், சட்டவியல், பொருளியல், ஆட்சியியல் ஆகிய நான்கு துறைகளும் கூடும் இடத்தில் நிற்பது இப்பொருள். நான்கு துறைகளின் நுட்பங்களையும் தன் வேர்ச்சொற்களைக் கொண்டே தெளிவுற விளக்கும் வளம் தமிழுக்கு உண்டு. அவ்வளத்தைத் துணைக்கொண்டு இக்கட்டுரை நிறுவ முனையும் கருத்து ஒன்றே. சட்டம் பணத்தின் பெயரையும் எண்ணையும் முழுமையாக ஆளும். பணத்தின் ஆற்றலை, அதாவது அது பொருள்களைப் பெற்றுத் தரும் வலிமையை, ஆணையால் மட்டும் ஆள அதற்கு இயலாது. அவ்வாற்றலைக் காக்க விரும்பும் அரசு, பிறரைக் கட்டுப்படுத்துவதோடு நில்லாமல் தன்னையும் கட்டுப்படுத்திக்கொள்ளல் வேண்டும்.

பணத்தின் மூன்று நிலைகள்

பணம் என்னும் பொதுச்சொல்லுக்குள் மூன்று நிலைகள் அடங்கியுள்ளன. அவற்றுள் முதலாவது கணக்கலகு. ரூபாய், டாலர், யென் என்பன கணக்கலகுகள். கணக்கலகுக்கு எடையும் இல்லை, உருவும் இல்லை. கடன், கூலி, விலை, வரி ஆகிய அனைத்தையும் எண்ணால் குறிப்பதற்குச் சட்டம் வகுத்த அளவை அது. இரண்டாவது செல்லுபணம். கணக்கலகின் இத்தனை மடங்கு எனச் சட்டம் பெயரிட்டு, கடனுக்குத் தீர்வாகக் கொடுக்கப்படும்போது கொள்வோர் மறுத்தற்கில்லை என்னும் தகுதியையும் வழங்கிய காசும் பணத்தாளும் இதில் அடங்கும். அத்தகுதியைச் செல்லுமை என்போம். மூன்றாவது கடன்பணம். வங்கிக் கணக்கில் நாம் வைத்துள்ள தொகை செல்லுபணம் அன்று. செல்லுபணத்தைக் கேட்டுப் பெறுவதற்கு அவ்வங்கியின்மீது நமக்குள்ள உரிமை மட்டுமே. இன்று கைப்பேசி வழியே நாள்தோறும் கைமாறும் தொகைகள் பெரும்பாலும் இம்மூன்றாம் நிலையைச் சேர்ந்தவை.

இம்மூன்றன்மீதும் அரசின் ஆட்சி ஒரே அளவினது அன்று. கணக்கலகை அரசே படைக்கிறது; ஆதலால் அதன்மீது அரசுக்கு முழுவுரிமை உண்டு. செல்லுபணத்தை அரசோ அரசின் சட்டத்தால் அமைந்த மைய வங்கியோ வெளியிடுகிறது. ஆதலால் அதன் வடிவையும் அளவையும் வரையறுக்கும் உரிமை அரசிடமே உள்ளது. கடன்பணத்தையோ வங்கிகள் கடன் வழங்குந்தோறும் தாமே தோற்றுவிக்கின்றன. அதனை உரிமம், காப்பிருப்பு, வட்டி ஆகியவற்றின் வழியாகவே அரசு நெறிப்படுத்த இயலும். செருமானியப் பொருளியல் அறிஞர் கியார்க் பிரீட்ரிக் நாப்பு, 1905இல் வெளியிட்ட தம் நூலில், பணம் சட்ட ஒழுங்கின் படைப்பே என்னும் கோட்பாட்டை முறைப்பட வகுத்துக் காட்டினார். அவர் கோட்பாடு முதல் நிலைக்கு முற்றும் பொருந்தும். இரண்டாம் நிலைக்குப் பெரிதும் பொருந்தும். மூன்றாம் நிலைக்கு ஒரு பகுதியே பொருந்தும். கணக்கலகிலிருந்து கடன்பணத்தை நோக்கிச் செல்லச் செல்லச் சட்டத்தின் நேர்ப்பிடி தளர்கிறது என்னும் இவ்வொழுங்கே இத்துறையின் முதற்பாடம்.

ஏற்புடைய பணத்தின் ஆறு உறுப்புகள்

பண இறைமையைப் பற்றிய சட்டச் சிந்தனைக்கு அடிக்கல்லாக அமைந்தது அயர்லாந்தில் எழுந்த ஒரு வழக்கு. அந்நாட்டில் நடந்த போரின் செலவைத் தாங்கும் பொருட்டு, 1601ஆம் ஆண்டு மே திங்களில் இங்கிலாந்தின் அரசி முதலாம் எலிசபெத்து, வெள்ளியில் மிகுதியான கலப்புச் செய்த காசுகளை அடித்து, அவையே இனி அயர்லாந்தின் செல்லுபணம் என ஆணையிட்டார். அவ்வாணைக்குச் சற்று முன்னர்த் திரோகெடா நகர வணிகர் பிரெட்டு என்பவர், இலண்டன் வணிகர் கில்பர்ட்டிடம் சரக்குக் கொண்டு, 100 பவுனை இங்கிலாந்தின் செல்லுபணத்தில் தபிளின் நகரில் செலுத்துவதாக முறி எழுதிக் கொடுத்திருந்தார். தவணை நாளில் அவர் புதிய கலப்புக் காசுகளை எண்ணி நீட்ட, கடன் கொடுத்தவர் அவற்றை ஏற்க மறுத்தார். நடுவர்கள் கூடி ஆராய்ந்து, புதிய காசில் செய்த தீர்வு முழுத்தீர்வே என முடிவு கூறினர். கலப்புப் பண வழக்கு எனப் பெயர்பெற்ற இத்தீர்ப்பைச் சர் சான் தேவிசு தம் வழக்குத் தொகுப்பில் எழுதிவைத்தார்.

அந்நடுவர்கள் ஏற்புடைய பணத்துக்கு ஆறு உறுப்புகளை வகுத்தனர். அவை எடை, மாற்று, பொறி, பெயர், ஆள்வோரின் ஆணை, ஊரறியச் செய்யும் அறிவிப்பு என்பன. இவ்வாறும் தமிழ் நிலத்துக்குப் புதியன அல்ல. காசின் மாற்றைத் தேர்ந்துரைத்த வண்ணக்கரும், காசை அடித்த அக்கசாலையும், காசின்மேல் மூவேந்தர் பொறித்த வில்லும் புலியும் கயலும் இவ்வுறுப்புகளை இம்மண்ணும் அறிந்திருந்தமைக்குச் சான்றாவன. ஆயின் இவற்றை வகைப்படுத்திக் காணும்போதே உண்மை விளங்கும். எடையும் மாற்றும் மாழையின், அதாவது உலோகத்தின், இயல்புகள். பொறியும் பெயரும் ஆணையும் அறிவிப்பும் சட்டத்தின் செயல்கள். பிற்காலப் பண வரலாறு முழுவதையும் முன்னிரண்டும் படிப்படியாக உதிர, பின்னான்கும் நிலைத்து நின்ற வரலாறு என ஒரே தொடரில் சுருக்கிச் சொல்லலாம். பணத்தாளின் மதிப்புக்கு எடையும் மாற்றும் பொருட்டல்ல. பொறி உண்டு, பெயர் உண்டு, ஆணை உண்டு, அறிவிப்பு உண்டு.

பெயர்மதிப்பு நெறி

அவ்வழக்கிலிருந்து கிளைத்த நெறியே பெயர்மதிப்பு நெறி. 100 அலகு கடன் பட்டவர், தீர்க்கும் நாளில் சட்டம் எதனை அவ்வலகு என்று கூறுகிறதோ அதில் 100 செலுத்தினால் கடன் தீர்ந்ததாகும். இடைக்காலத்தில் அவ்வலகின் மாழை அளவு குறையினும், அதன் பொருள்கொள்ளும் ஆற்றல் மெலியினும் வலுப்பெறினும், எண் மாறாது. இந்நெறி கடன் கொடுத்தோருக்கு இழப்பையும் கடன் பட்டோருக்கு ஆக்கத்தையும், சிற்சில காலங்களில் அதற்கு மாறாகவும் விளைவிக்கும். எனினும் இது இல்லையேல், கொடுத்த நாளின் மதிப்பு எவ்வளவு, கொள்ளும் நாளின் மதிப்பு எவ்வளவு என ஒவ்வொரு கடனும் ஒரு வழக்காக முடியும்; வணிகமே நடைபெறாது. உறுதியின் பொருட்டு நிகரைச் சற்றே விட்டுக்கொடுக்கும் சட்டத்தின் தெளிந்த முடிவு இது.

இந்நெறியிலிருந்து தப்பும் வழியாகக் கடன் கொடுத்தோர் கண்டதே பொன்கட்டு, அதாவது இத்தனை அலகை இத்தனை எடைப் பொன்னின் மதிப்புக்கு ஈடாகவே தீர்க்க வேண்டும் என முறியில் எழுதும் கட்டுறுதி. முன்னர்க் கூறிய செர்பியக் கடன் வழக்கில், அரசின் பண உரிமையை ஏற்ற அதே மன்றம், முறியில் பொன்பிராங்கு என எழுதப்பட்டிருந்தமையால் பொன்மதிப்பிலேயே கடனைத் தீர்க்க வேண்டும் எனவும் முடிவு செய்தது. அமெரிக்காவிலோ நிலைமை வேறாயிற்று. 1933ஆம் ஆண்டு சூன் 5ஆம் நாள் அந்நாட்டுப் பேராயம் பொன்கட்டுகள் அனைத்தும் பொதுநலனுக்கு மாறானவை என அறிவித்தது. அடுத்த ஆண்டு ஓர் அவுன்சுப் பொன்னின் அரசு விலை 20.67 டாலரிலிருந்து 35 டாலராக உயர்த்தப்பட்டது. தனியார் முறிகளைப் பொறுத்தவரை அவ்வறிவிப்புச் செல்லும் என 1935 பிப்ரவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்னும் பிரிவில் தீர்ப்பளித்தது. இரு தீர்ப்புகளையும் இணைத்து நோக்கின் ஓர் ஒழுங்கு புலப்படும். அயல்நாட்டாருக்கு எழுதிக்கொடுத்த சொல்லை முறியின் மொழி காக்கிறது. தன் நாட்டுப் பணத்தின் ஒருமையைத் தன் சட்டம் காக்கிறது.

இந்தியாவின் 1893ஆம் ஆண்டு நிகழ்ச்சி இந்நெறியின் மற்றொரு முகத்தைக் காட்டும். 1835ஆம் ஆண்டுச் சட்டம், 180 கிரெயின் எடையும் அதில் 165 கிரெயின் தூய வெள்ளியும் கொண்ட ரூபாயை ஆங்கிலக் கிழக்கிந்தியக் குழுமத்தின் ஆட்சிப் பகுதிகள் அனைத்துக்கும் ஒரே பணமாக்கியிருந்தது. வெள்ளி கொண்டுவருவோர் எவரும் அதனை அக்கசாலையில் ரூபாயாக அடித்துப் பெற்றுக்கொள்ளலாம். 1870களுக்குப் பின் உலகில் வெள்ளி விலை வீழ்ந்தபோது ரூபாயும் உடன் வீழ்ந்தது. 1893இல் அரசு இவ்வாயிலை அடைத்தது. ஒரு சில ஆண்டுகளில் ரூபாய் 1 சில்லிங் 4 பென்சு என்னும் நிலைக்கு ஏறி நின்றது. அதனுள் இருந்த வெள்ளியோ அவ்வளவு விலை பெறாததாயிற்று. காசின் மாழை மாறவில்லை, பெயர் மாறவில்லை, பொறியும் மாறவில்லை. அடிக்கப்படும் அளவு மட்டுமே வரம்புக்குட்பட்டது. பணத்துக்கு மதிப்பை நல்கியது அரசின் ஆணை என்பதினும், அரசு தன் வெளியீட்டுக்கு இட்ட வரம்பு என்பதே பொருத்தம். இக்கட்டுரையின் மையக் கருத்துக்கு இது முதற்சான்று.

தொடர்பிணைப்பு

பெயர்மதிப்பு நெறி எண்ணைக் காக்கும் என்றோம். அரசு அலகையே மாற்றிவிட்டால் பழைய எண் என்னாகும் என்னும் வினா இயல்பாக எழும். இதற்குச் சட்டம் தரும் விடை தொடர்பிணைப்பு: பழைய அலகில் இத்தனை, புதிய அலகில் இத்தனை என மாற்று மதிப்பை வகுத்து, பழைய கடன்கள் யாவும் அம்மதிப்பின்படி புதிய எண்ணாகப் படிக்கப்படும் என விதித்தல். சென்னை மாகாணத்தில் ஒரு வராகன் 42 பணம், ஒரு பணம் 80 காசு என்னும் கணக்கு நெடுங்காலம் வழங்கியது. 1818இல் வெள்ளி ரூபாய் அம்மாகாணத்தின் அடிப்படைப் பணமாக்கப்பட்டபோது 100 வராகனுக்கு 350 ரூபாய் என்னும் இணைப்பு வகுக்கப்பட்டது. 1957ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் இந்தியா பதின்மக் கணக்குக்கு மாறியபோது ரூபாய் அப்படியே நிற்க, 16 அணாவாகவும் 192 தம்படியாகவும் பகுக்கப்பட்டிருந்த அது 100 புதிய காசாகப் பகுக்கப்பட்டது. அலகு மாறாமல் உட்பகுப்பு மட்டும் மாறியதால் ரூபாயில் எழுதிய கடன் ஒன்றும் இடம்பெயரவில்லை.

ஐரோப்பாவில் நிகழ்ந்தது இவற்றினும் பெரிது. 1999ஆம் ஆண்டு சனவரி முதல் நாளில் 11 நாடுகள் தத்தம் அலகுகளைக் கைவிட்டு யூரோ என்னும் ஒரே அலகை ஏற்றன. 1 யூரோவுக்கு 1.95583 செருமானிய மார்க்கு, 6.55957 பிரெஞ்சு பிராங்கு என ஒவ்வொரு பணத்துக்கும் மாற்றவியலா இணைப்பு வகுக்கப்பட்டது. அலகு மாறியது என்னும் ஒரு காரணத்தைக் கொண்டு எந்த உடன்படிக்கையும் முறியாது என ஐரோப்பியச் சட்டம் கூறிற்று. கடல் கடந்த நியூயார்க்கு மாநிலமும் 1997லேயே அதற்கு இசையத் தன் சட்டத்தை அமைத்துக்கொண்டது. ஒரு பணத்தின் அலகு யாது என்பதை அப்பணத்துக்குரிய நாட்டின் சட்டமே வரையறுக்கும் என்பதும், அவ்வரையறையை அயல்நாட்டு மன்றங்களும் ஏற்கும் என்பதும் இவ்வாறு உறுதிப்பட்டன. இதனை உரிய நாட்டுப் பணச்சட்ட நெறி எனலாம்.

இந்தியப் பணச் சட்டத்தின் அமைப்பு

இந்திய அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் ஒன்றியத்துக்குரிய பட்டியலின் 36ஆம் பதிவு, பணம், காசடித்தல், செல்லுமை, அயற்பணம் ஆகிய நான்கையும் ஒன்றிய அரசிடம் ஒப்படைக்கிறது. மாநிலங்களுக்கு இதில் பங்கில்லை. இவ்வுரிமை இரண்டு சட்டங்களின் வழியாகச் செயற்படுகிறது. காசை அரசே அடிக்கும் என்பது 2011ஆம் ஆண்டுக் காசுச் சட்டம். பணத்தாளை இந்திய ரிசர்வு வங்கியே வெளியிடும் என்பது 1934ஆம் ஆண்டு ரிசர்வு வங்கிச் சட்டம். ஒரு ரூபாய்த் தாள் மட்டும் இதற்கு விலக்கு. அது அரசின் வெளியீடு, நிதித்துறைச் செயலரின் கையொப்பம் தாங்குவது.

பணத்தாள் வெளியிடும் உரிமை ஒரே கைக்கு வந்ததும் ஒரு நாளில் நிகழ்ந்ததன்று. வங்காளம், பம்பாய், சென்னை ஆகிய மூன்று மாகாண வங்கிகளும் தத்தம் தாள்களை வெளியிட்டுக்கொண்டிருந்த நிலையை 1861ஆம் ஆண்டுச் சட்டம் முடித்து, அவ்வுரிமையை அரசுக்கு ஆக்கியது. 1935இல் செயற்படத் தொடங்கிய ரிசர்வு வங்கி பின்னர் அதனை ஏற்றது. அவ்வங்கியின் சட்டத்தில் 22ஆம் பிரிவு வெளியீட்டுரிமை அதற்கு மட்டுமே உரியது என்கிறது. 24ஆம் பிரிவு 10,000 ரூபாய் வரையிலான தாள்களுக்கு இடமளிக்கிறது. 25ஆம் பிரிவு தாளின் வடிவையும் பொருளையும் வங்கியின் பரிந்துரையின்மேல் ஒன்றிய அரசு ஒப்ப வேண்டும் என்கிறது. 26ஆம் பிரிவு ஒவ்வொரு தாளுக்கும் இந்தியா எங்கும் செல்லுமை அளித்து, அதற்கு ஒன்றிய அரசைப் பொறுப்பாக்குகிறது. 31ஆம் பிரிவு, கொண்டுவருவோர் கேட்டவுடன் தரத்தக்க கடன்முறியை வேறெவரும் வெளியிடலாகாது எனத் தடுக்கிறது. வெளியிடுவோர், பெயர், பொறி, செல்லுமை, தடை என ஒவ்வொரு கூறும் தனக்குரிய பிரிவில் அமர்ந்திருக்கும் இவ்வமைப்பில், நானூறு ஆண்டுகளுக்கு முன் அயர்லாந்தில் வகுத்த உறுப்புகளின் எதிரொலியைக் கேட்கலாம்.

செல்லுமையிலும் அளவுண்டு. பணத்தாளுக்கு எல்லையற்ற செல்லுமை உண்டு. காசுக்கோ வரையறுத்த செல்லுமையே உண்டு: ஒரு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள காசுகளை 1,000 ரூபாய் வரையிலும், அரை ரூபாய்க் காசுகளை 10 ரூபாய் வரையிலும் மட்டுமே கடன்தீர்வாக ஏற்கச் சட்டம் கட்டாயப்படுத்தும். பெருங்கடனைச் சிறுகாசுக் குவியலால் தீர்க்க முனைந்து கொள்வோருக்குத் துன்பம் விளைவிப்பதைத் தடுப்பதே இதன் நோக்கம்.

செல்லுமை நீக்கம்

செல்லுமையை வழங்கும் கை அதனை நீக்கவும் வல்லது. இந்தியாவில் இவ்வுரிமை மும்முறை பேரளவில் செயற்பட்டது. 1946 சனவரியில் 500, 1,000, 10,000 ரூபாய்த் தாள்கள் அவசர ஆணையால் செல்லுமை இழந்தன. 1978 சனவரியில் 1,000, 5,000, 10,000 ரூபாய்த் தாள்களின் செல்லுமை நீக்கப்பட்டு, பின் அதற்கு நாடாளுமன்றம் சட்டமும் இயற்றியது. 2016 நவம்பர் 8ஆம் நாள் 500, 1,000 ரூபாய்த் தாள்கள் 26ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவின்கீழ் வெளியிட்ட அறிவிக்கையால் செல்லுமை இழந்தன. புழக்கத்தில் இருந்த தாள்களின் மொத்த மதிப்பில் நூற்றுக்கு 86 பங்கு அவ்விரு தாள்களே.

மூன்றாம் நிகழ்வின் சட்டத் தகுதியை உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு ஆராய்ந்து, 2023 சனவரி 2ஆம் நாள் நால்வர் பெரும்பான்மையால் அது செல்லும் எனத் தீர்ப்பளித்தது. மாறுபட்ட நடுவர் நாகரத்தினா, இத்தகைய நடவடிக்கை ஒன்றிய அரசிடமிருந்தே தோன்றுமாயின் அதற்கு அறிவிக்கை போதாது, நாடாளுமன்றத்தின் சட்டம் வேண்டும் எனக் கருதினார். பண இறைமை அரசுக்கு உண்டா என்பதில் ஐவருக்கும் ஐயமில்லை. அரசு என்னும் அமைப்புக்குள் அதனை எந்த உறுப்பு எம்முறையில் செலுத்த வேண்டும் என்பதே கருத்து வேறுபாட்டின் களம். மக்களின் கையிலுள்ள பணத்தை ஓரிரவில் தீண்டும் உரிமைக்கு மக்களின் மன்றம் வாயிலாக இருத்தல் வேண்டும் என்னும் அம்மாற்றுக் குரல், பண இறைமையை ஆராய்வோர் எவரும் புறக்கணிக்கலாகாத குரல். 2023 மே திங்களில் 2,000 ரூபாய்த் தாள்கள் திரும்பப் பெறப்பட்டபோது அவற்றின் செல்லுமை நீக்கப்படவில்லை என்பதையும் இங்குக் கருதுக. புழக்கத்திலிருந்து விலக்கல் வேறு, செல்லுமை நீக்கல் வேறு.

எல்லைக்கு அப்பால்

தன் பணத்துக்கும் அயற்பணத்துக்கும் இடையிலான மாற்று மதிப்பை ஒழுங்கு செய்வது பண இறைமையின் புறமுகம். 1944இல் அமெரிக்காவின் பிரெட்டன் உட்சு என்னுமிடத்தில் கூடிய நாடுகள், தத்தம் பணத்தின் மதிப்பைப் பொன்னாலோ டாலராலோ வரையறுத்து, அதனைப் பெரிதும் மாற்றும்போது பன்னாட்டுப் பண நிதியத்தோடு கலந்தே செய்வதென உடன்பட்டன. தம் இறைமையின் ஒரு பகுதியைத் தாமே விரும்பி வரம்புக்குட்படுத்திய நிகழ்ச்சி அது. அவ்வொழுங்கின்கீழ் இந்தியா 1966 சூன் 6ஆம் நாள் ஒரு டாலருக்கு 4.76 ரூபாய் என்றிருந்ததை 7.50 ரூபாய் என மாற்றியது. 1994 ஆகத்துத் திங்களில், வணிகம் முதலிய நடப்புச் செலுத்துகைகளுக்கு அயற்பணத் தடை விதிப்பதில்லை என்னும் பொறுப்பையும் நிதியத்தின் எட்டாம் உறுப்பின்கீழ் ஏற்றது. அயற்பண மீறலைக் குற்றமாகக் கண்ட 1973ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக, அதனைத் தண்டத்தொகையால் தீர்க்கும் உரிமையியல் மீறலாகக் காணும் சட்டம் 1999இல் இயற்றப்பட்டு, 2000ஆம் ஆண்டு சூன் முதல் நடைமுறைக்கு வந்தது.

ஒரு நாட்டின் பணம் வேறு நாடுகளிலும் வழங்கும்போது இவ்வுரிமை எத்துணைத் தொலைவு செல்லும் என்பதற்கு வளைகுடா ரூபாய் தக்க சான்று. வளைகுடாப் பகுதிகளில் இந்திய ரூபாயே வழங்கிவந்த நிலையில், 1959இல் இந்தியா அப்பகுதிகளுக்கெனத் தனித்தாள்களை வெளியிட்டது. குவைத்து 1961இல் தன் தினாரை அமைத்துக்கொண்டது. 1966ஆம் ஆண்டு மதிப்பிறக்கத்துக்குப் பின் வேறு சில வளைகுடா ஆட்சிகளும் ரூபாயை விட்டு நீங்கின. வேறொருவர் ஆணையால் தம் பணம் மெலிவதை அவை ஏற்கவில்லை. இலங்கையும் 1884 முதல் இந்திய ரூபாயோடு பிணைந்த பணக்குழு முறையிலேயே இயங்கி, விடுதலைக்குப் பின் 1949ஆம் ஆண்டுப் பணச் சட்டத்தால் தன் மைய வங்கியை நிறுவி, 1950 முதல் தன் பணத்தைத் தானே ஆளும் நிலையை எய்தியது.

ஆணையின் எல்லை

இனி எல்லையைக் காண்போம். 1923 நவம்பரில் செருமனியில் ஓர் அமெரிக்க டாலருக்கு 4.2 இலட்சம் கோடி மார்க்கு என்னும் நிலை வந்தது. அந்நாட்டுத் தாள் மார்க்குக்கு முழுச் செல்லுமை இருந்தது. மார்க்குக்கு மார்க்கே என்னும் பெயர்மதிப்பு நெறியும் இருந்தது. வாழ்நாள் சேமிப்பிலிருந்து ஈட்டின்மேல் கொடுத்த கடனை ஒரு சிறு தாளால் தீர்க்கும் கொடுமை அந்நெறியின் பெயராலேயே நிகழ்ந்தது. அவ்வாண்டு நவம்பர் 28ஆம் நாள் அந்நாட்டுத் தலைமை வழக்குமன்றம், நல்லெண்ணத்தோடு கடமையாற்றல் வேண்டும் என்னும் பொதுச்சட்ட நெறியைத் துணைக்கொண்டு, ஈட்டுக்கடன்களை மதிப்புக்கேற்ப உயர்த்தலாம் என்றது. பெயர்மதிப்பு நெறியின் எல்லையைச் சட்டமே கண்டு கூறிய நாள் அது.

அதே நவம்பரில் வெளிவந்த ரென்டன்மார்க்கு இன்னும் ஆழ்ந்த பாடத்தைத் தருகிறது. ஓர் இலட்சம் கோடித் தாள் மார்க்குக்கு ஒன்று என்னும் இணைப்போடு வந்த அப்பணத்துக்குக் கட்டாயச் செல்லுமை வழங்கப்படவில்லை. அரசு அலுவலகங்கள் மட்டுமே அதனை ஏற்கும் எனப்பட்டது. ஆயினும் அதன் வெளியீட்டுக்குச் சட்டம் உறுதியான உச்சவரம்பு கட்டியிருந்தது. செல்லுமை முழுதும் பெற்ற தாளை மக்கள் ஒதுக்கினர். செல்லுமையற்ற, வரம்புபெற்ற தாளை மக்கள் ஏற்றனர். 1893இல் இந்தியாவில் கண்ட உண்மையே 1923இல் செருமனியில் மீண்டும் மெய்ப்பட்டது. அவ்வரம்பை மறந்த சிம்பாப்வே, 2009இல் அயற்பணங்களை ஏற்று, 2015இல் தன் பழைய டாலரை முடித்தபோது, வகுத்த இணைப்பு ஓர் அமெரிக்க டாலருக்கு 35ஐ அடுத்துப் 15 சுழியங்கள் கொண்ட எண். எண்ணை ஆளும் உரிமை அந்நாட்டுக்கு இறுதி வரையிலும் இருந்தது. எண்ணுக்குப் பொருள் மட்டும் இல்லாதொழிந்தது.

தன்னைக் கட்டும் சட்டம்

ஆகவே முதிர்ந்த பண இறைமையின் அடையாளம் தற்கட்டுப்பாடு. இந்தியாவில் இது மூன்று படிகளில் வளர்ந்தது. தொடக்கத்தில் வெளியீட்டுக்கு ஏற்பப் பொன்னும் அயற்பண முறிகளும் நூற்றுக்கு 40 என்னும் அளவில் காப்பிருப்பாக வேண்டப்பட்டன. 1957இல் அது, எவ்வளவு வெளியிடினும் 115 கோடி ரூபாய்ப் பொன் உள்ளிட்டு 200 கோடி ரூபாய் இருந்தால் போதும் என்னும் குறைந்த அளவுக் காப்பிருப்பாயிற்று. அத்துடன் காப்பிருப்பு வரம்பாகச் செயற்படுவது நின்றது. இரண்டாம் படியில், அரசு தன் பற்றாக்குறையை மைய வங்கியின் வெளியீட்டால் தானாகவே நிரப்பிக்கொள்ளும் தற்காலிகக் கருவூல முறிகள் 1997இல் கைவிடப்பட்டன. 2003ஆம் ஆண்டு நிதிப் பொறுப்புச் சட்டத்தின் வழி, 2006 முதல் அரசின் புதிய கடன்முறிகளை மைய வங்கி நேரே வாங்குவதும் தடுக்கப்பட்டது.

மூன்றாம் படியில், 2016ஆம் ஆண்டுத் திருத்தம் பணவீக்கத்தையே அளவுகோலாக்கியது. இலக்கு நூற்றுக்கு 4. ஏற்ற இறக்கம் 2 முதல் 6 வரை. வட்டியை வகுப்பது அறுவர் குழு. தொடர்ந்து மூன்று காலாண்டுகள் பணவீக்கம் இவ்வெல்லையைக் கடப்பின், காரணத்தையும் தீர்வையும் விளக்கி அரசுக்கு அறிக்கை தரும் கடமை மைய வங்கிக்கு உண்டு. 2022இல் எல்லை கடந்தபோது, அவ்வாண்டு நவம்பரில் குழு தனியே கூடி அவ்வறிக்கையை ஆக்கியது. எவ்வளவு பொன் இருக்கிறது என்று கேட்ட சட்டம், பணத்தின் ஆற்றல் எவ்வளவு நிற்கிறது என்று கேட்கும் சட்டமாக வளர்ந்தது. பொருளில் இருந்த வரம்பு நெறியில் வந்து அமர்ந்தது.

2022ஆம் ஆண்டு நிதிச் சட்டம் பணத்தாளின் வரையறையில் எண்ணிம வடிவையும் சேர்த்தது. அவ்வாண்டு திசம்பர் முதல் நாள் பொதுமக்களுக்கான எண்ணிம ரூபாயின் வெள்ளோட்டம் தொடங்கியது. அது வங்கியின்மீதுள்ள உரிமையாகிய கடன்பணம் அன்று; மைய வங்கியே பொறுப்பேற்கும் செல்லுபணம். மாழையும் நீங்கித் தாளும் நீங்கிய அப்பணத்திடம் எஞ்சியிருப்பன பெயரும் ஆணையும் அறிவிப்பும், எண்வரிசையாகிவிட்ட பொறியும் மட்டுமே. பொருளின் துணை அறவே நீங்கிய இடத்தில் பணத்தைத் தாங்குவது சட்டத்தின் நேர்மை ஒன்றே ஆதலால், வருங்காலத்தில் அந்நேர்மையின் தேவை குறையாது, மிகும். எது ரூபாய் என்பதை அரசு தன் ஆணையால் கூறலாம்; அந்த ரூபாயால் உழைப்போர் நாளையும் இன்று பெற்ற அளவு அரிசியைப் பெறுவர் என்பதைத் தன் ஆணைக்கு எல்லை வகுப்பதனாலேயே காக்க இயலும். அவ்வெல்லையை வகுக்கும் சட்டங்களை மக்கள் தம் மொழியில் கற்று, தம் மொழியில் வினவி, தம் மன்றங்களில் காத்து நிற்கும் நாட்டிலேயே பண இறைமை மக்களின் இறைமையாக முழுமை பெறும்.